பெயரை மட்டும் எழுதுங்கோ

நொய்கெல்ன், பேர்லின்
20 ஓகஸ்ட் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

மலர் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்ல சுகம். படியேறும்போது அம்மாவின் முழங்கால் முனகுகிறது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் யூட் அத்தானும் அமெரிக்காவில் எப்படி இருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் இன்னும் இரவு வேலைதானா?

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் "ஓம், சரி, வைக்கிறன்" என்பதற்கு மேலே போவதில்லை. எனக்கு வேண்டியது எழுத்தில் வேண்டும்.

எங்கள் தாவரத் தோட்டத்தில் வட அமெரிக்கப் பகுதியை வருகிற மே மாதம் புதிதாகத் திறக்கிறார்கள். செடிகளுக்கான விளக்கப் பலகைகளை எழுதும் பொறுப்பு எனக்கு. பகுதித் தலைவி திருமதி லிண்ட்னர் தலைப்பைக்கூட முடிவு செய்துவிட்டா: "செவ்விந்தியரின் மருந்துச் செடிகள்". ஒவ்வொரு செடிக்கும் எந்த நோய்க்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று எழுத வேண்டுமாம். சனங்கள் அதைத்தான் நின்று வாசிப்பார்களாம். என் வேலை ஒப்பந்தமும் அதே மே மாதத்தோடு முடிகிறது. திறப்பு நன்றாக நடந்தால் நீட்டுவார்கள் என்று கதை.

நீங்கள் செரோக்கிப் பூர்வகுடி மக்களின் ஊருக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறீர்கள்? அவர்களிடம் பெயர்களையும் பயன்களையும் கேட்டு எழுத முடியுமா?

முக்கியமாக ஒரு செடி. ஆளுயரம், கீறிவிட்டது போன்ற இலை, கீழே தொங்கும் மஞ்சள் இதழ், நடுவில் பச்சைக் குமிழ். யாரோ ஒரு காலத்தில் அழகுக்காக இங்கே கொண்டுவந்தது, வேலி தாண்டி ஓடைக்கரைகளைப் பிடித்துவிட்டது. தோட்டத்துக்குள் அதற்குத் தண்ணீர் விடுவதும் நான்தான், வெள்ளிக்கிழமைகளில் தொண்டர்களோடு ஓடைக்கரைக்குப் போய் அதையே வேரோடு கிண்டுவதும் நான்தான். இதோடு படம் வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கும் அன்பு சொல்லுங்கள். உடம்பைப் பாருங்கள்.

உங்கள் தங்கை
மலர்


சில்வா, வட கரோலினா
17 செப்டம்பர் 2006

அன்புத் தங்கை மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. இங்கே மலையில் மரங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. அம்மாவை ஒரு முழங்கால் வைத்தியரிடம் கூட்டிப் போ. "தெர்மின் கிடைக்கேல்லை, வைத்தியர் நாள் தரேல்லை" என்று அவ சொல்வதை நம்பாதே.

என்னோடு வேலை செய்யும் டெல்மா என்ற தாதி செரோக்கிப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். படத்தைக் காட்டினேன். உடனே முகம் மலர்ந்து, "சோச்சான்!" என்றாள். அதுதான் பெயர். வசந்தத்தில் பனி உருகியதும் முதலில் தலை காட்டும் கீரையாம். பூ வரமுன்னர் இளம் இலையைப் பறித்து, அவித்து, தண்ணீரை வடித்து, பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். "கடைக் கீரையைச் சாப்பிட்டு மாரி முழுக்க இருந்தவைக்கு அது வந்தால்தான் உயிர் வரும்" என்றாள். பேர்லினில் நீங்கள் அதைக் கிண்டி எறிகிறீர்கள் என்று சொன்னேன். "ஜெர்மன்காரருக்குப் பசிக்காதோ?" என்று கேட்டாள்.

அவளோடு சேர்ந்து நானும் செரோக்கி மொழி வகுப்புக்குப் போகிறேன். ஓம், டெல்மாவும் மாணவிதான். அவளுடைய தாயைப் பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசியதற்கு அடித்திருக்கிறார்கள். அந்த மனிசி பிள்ளைகளோடு ஆங்கிலம் மட்டும் பேசி வளர்த்தது. இப்போது டெல்மா தன் மொழியை முதலெழுத்திலிருந்து படிக்கிறாள்.

"தா" என்பதற்கு எங்களுக்கு ஒரு சொல் போதும். அவர்களுக்குப் பொருளைப் பார்த்துச் சொல் மாறும். தடி போல நீண்டு விறைத்த பொருளைக் கேட்க ஒன்று, இலை துணி போல வளைவதைக் கேட்க வேறொன்று, பாத்திரத்துத் தண்ணீருக்கு வேறு, கல் போலத் திரண்டதற்கு வேறு, உயிருள்ளதற்கு வேறு. நான் குழந்தைக்கு உரிய சொல்லால் பென்சிலைக் கேட்டுவிட்டேன். டெல்மா பென்சிலை மடியில் வைத்துத் தாலாட்டித்தான் தந்தாள்.

மற்ற செடிகளைப் பற்றிக் கேட்டு எழுதுகிறேன். மருந்து விஷயத்தை இப்போதைக்கு எழுதாதே. முதலில் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா
பிளோறன்ஸ்


நொய்கெல்ன், பேர்லின்
8 ஒக்டோபர் 2006

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவை வைத்தியரிடம் இழுத்துப் போனேன். ஊசி போட்டார்கள். வைத்தியருக்கு அம்மா தமிழில் புத்தி சொல்ல, நான் ஜெர்மனில் அதற்கு நேர்மாறாக மொழிபெயர்த்தேன். எல்லோருக்கும் திருப்தி. நீங்கள் எப்படி?

சோச்சான்! அந்தப் பெயரை வேலையிடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர்களுடைய எழுத்தையும் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு அசை. எங்கள் உயிர்மெய் மாதிரித்தான். ஆனால் அச்சகத்துக் கணினியில் அது வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. நான் பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் அந்தக் கணினிகளில் தமிழும் அப்படித்தான் வந்தது, எனவே பயமில்லை. டெல்மா அக்காவால் பெயர்களைக் கையால் எழுதித் தர முடியுமா? அப்படியே படமெடுத்துப் பலகையில் பொறிக்கலாம்.

பயன்களுக்காகத்தான் லிண்ட்னர் நெருக்குகிறா. நூறு வருடத்துக்கு முந்திய ஒரு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனா. அதில் எல்லாம் இருக்கிறதாம். நான் இன்னும் திறக்கவில்லை, உங்கள் பதிலுக்குப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். முடிந்ததும், "யூட் தம்பி எப்பிடியாம்?" என்று கேட்டா. திரும்பப் பார்த்தேன், அத்தானைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "சுகமாம்" என்று நானே சொல்லிவிட்டேன். சரிதானே?

பதிலை விரைவாக எழுதுங்கள்.

மலர்


பிரைசன் சிற்றி, வட கரோலினா
10 டிசம்பர் 2006

அன்பு மலர்,

பதில் தாமதித்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை, நல்ல சுகம். மேலே புது முகவரி இருக்கிறது, குறித்துக்கொள். அம்மாவின் காலுக்கு ஊசி உதவியதா?

டெல்மா தானாகப் பதில் சொல்லவில்லை. வகுப்பில் எல்லோரிடமும் கேட்டாள், பிறகு தன் மாமியிடம் போனாள். அவர்களுடைய முடிவை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பெயரை எழுதட்டும். எங்கட சொல்லு பேர்லினிலை நிக்கிறதெண்டால் எங்களுக்குச் சந்தோசம். கீரையைக் கீரை எண்டு எழுதட்டும், கூடை பின்னுற மூங்கிலை அப்பிடி எழுதட்டும். மருந்தை எழுதவேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். அவள் சிறுமியாக இருந்தபோது ஒருவர் வந்து மாமியோடு நாட்கணக்காக இருந்து பேசி, எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டாராம். பாதி பிழை. சரியாக எழுதிய பாதிதான் பெரிய கேடு. அடுத்த வசந்தத்தில் மலைக்குப் போனால், அந்த வேர் இருந்த இடமெல்லாம் குழி. ஊர் ஊராகச் சனம் வந்து தோண்டிப் போயிருந்தது. மாமி அதற்குப் பிறகு வெளியாருக்கு வாய் திறக்கவில்லை.

தாதியாக நானும் ஒன்று சொல்கிறேன். பலகையை வாசித்துவிட்டு யாராவது இலையைக் கடித்தால் யார் பொறுப்பு?

டெல்மா எழுதிய தாள் இதோடு வருகிறது. சோச்சான், கூடை மூங்கில், காட்டு வெங்காயம், சிறுபழம், இன்னும் சில. எழுத்தைப் பார். இந்தத் தாளுக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க என் சமையலறையில் இருந்து எழுதினாள். கோணிய எழுத்தையெல்லாம் கிழித்துப் போட்டாள்.

நத்தார் வாழ்த்துகள். ஆலயத்தில் எனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்று.

அக்கா


நொய்கெல்ன், பேர்லின்
14 ஜனவரி 2007

அன்புள்ள அக்கா,

புது வருட வாழ்த்துகள். மெழுகுதிரி ஏற்றினேன், அம்மா தன் பங்குக்கு இரண்டு ஏற்றினா. கால் பரவாயில்லை. உங்களுக்கு அங்கே பனி கொட்டுகிறதா? வீடு சூடாக இருக்கிறதா?

தாளை லிண்ட்னரிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. "முப்பது வருசமா இந்தச் செடிகளோட இருக்கிறன். இவைக்கு இன்னொரு பெயர் இருக்குமெண்டு யோசிச்சதே இல்லை" என்றா. நல்ல மனிசிதான். ஆனால் மருந்தை எழுத மாட்டோம் என்றதும் முகம் மாறியது.

"புத்தகம் நூறு வருசம் பழசு. ஆரும் உரிமை கேக்க ஏலாது."

"சட்டத்திலை ஏலாது. ஆனால் நாங்கள் போய்க் கேட்டனாங்கள். கேட்டுப்போட்டு, பதில் பிடிக்கேல்லை எண்டு புத்தகத்தைத் திறக்கிறதோ?"

"பிறகு பலகையிலை என்னதான் இருக்கும்? வெறும் பெயரோ?"

"பெயர் வெறும் பெயரில்லை."

அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசினா. மார்ச்சில் தோட்டக் குழு கூடுகிறது, அங்கே தீர்மானிக்கட்டும் என்றுவிட்டா. குழுவில் என் ஒப்பந்தமும் பேசுபொருள் என்பதை நினைவூட்டவும் தவறவில்லை. எனக்கு நடுக்கம் இல்லை, அக்கா. நான் சொல்வது சரி என்று தெரிந்தால் எனக்கு நன்றாக நித்திரை வரும்.

ஒன்று கேட்கலாமா? புது முகவரியில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. முந்திய கடித உறையில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது.

அன்புடன்
மலர்


பிரைசன் சிற்றி
18 பெப்ரவரி 2007

அன்பு மலர்,

சுகம். வீடு சூடாகத்தான் இருக்கிறது, விறகடுப்பு. நீ உன் தலைவியிடம் பேசியதை டெல்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "உன்ட தங்கச்சியை இஞ்சை அனுப்பு, எங்கட கூட்டங்களிலை இருத்துவம்" என்றாள்.

சிறுபழத்தைப் பற்றி எழுதுகிறேன். ஜெர்மனியில் ஏர்ட்பேர என்பீர்களே, ஸ்ட்ரோபெரி, அதன் காட்டு வகை. செரோக்கிச் சொல் "ஆனி". அதற்கு அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. உலகத்தின் முதல் ஆணும் முதல் பெண்ணும் சண்டை பிடிக்கிறார்கள். அவள் வீட்டை விட்டுக் கிழக்கே நடக்கிறாள். அவன் பின்னால் வருகிறான், எட்டிப் பிடிக்க முடியவில்லை. சூரியன் இரங்கி, அவள் வழியில் ஒவ்வொரு பழமாக முளைக்க வைக்கிறது. அவள் எதையும் பார்க்காமல் நடக்கிறாள். கடைசியில் காலடியில் சிவப்பாக இந்தப் பழம். குனிந்து பறித்துத் தின்கிறாள். அவனுக்கும் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் வருகிறது. திரும்புகிறாள்.

பழம் முளைத்திருக்காவிட்டால் நடந்துகொண்டே இருந்திருப்பாளா என்று கேட்டேன். டெல்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "பழத்துக்காக நிண்டாள். திரும்பினது அவளின்ர விருப்பம். அதைப் பழம் செய்யேல்லை" என்றாள்.

குழுக் கூட்டத்துக்கு என் வாழ்த்து. அம்மா கேட்டால், யூட் சுகமாகத்தான் இருப்பார் என்று சொல்.

அக்கா


நொய்கெல்ன், பேர்லின்
1 ஏப்ரல் 2007

அன்புள்ள அக்கா,

இன்று குருத்து ஞாயிறு. நானும் அம்மாவும் பூசைக்குப் போய் வந்தோம், இருவரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கிறேன், இந்த முறை சும்மா வழக்கத்துக்காக அல்ல.

முதலில் குழுவின் முடிவு. லிண்ட்னர் தன் பக்கத்தைச் சொன்னா, நான் என் பக்கத்தைச் சொன்னேன். டெல்மாவின் மாமி கண்ட குழிகளைப் பற்றியும் சொன்னேன். மருந்தை எழுதுவதானால் என் பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள் என்றேன். நான் கொண்டுபோன மாதிரிப் பலகையில் செரோக்கிப் பெயர், அதன் கீழே லத்தீன், ஜெர்மன். அடியில் ஒரு வரி: "இப்பெயர்களைத் தந்தவர்கள், மருந்துப் பயன்களை இங்கே எழுத வேண்டாமெனக் கேட்டார்கள். நாங்கள் சம்மதித்தோம்."

லிண்ட்னர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தா. பிறகு எல்லோர் முன்னும், "என்ட தலைப்பை எடுக்கவேணும். இதுக்கு அது பொருந்தாது" என்றா. வாக்கெடுப்புக்குத் தேவையே வரவில்லை. என் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். அதற்கான அன்ட்ராகில், அந்த விண்ணப்பத்தில், முதல் கையெழுத்து அவவுடையது.

வெள்ளிக்கிழமை ஓடைக்கரையில் சோச்சான் முளைத்திருந்தது. கிண்டத்தான் வேண்டும், அங்கே அது மற்றச் செடிகளை நெருக்கிக் கொல்கிறது. கிண்டியதில் இளம் இலையைப் பை நிறையக் கொண்டுவந்தேன். அம்மா அவித்து வடித்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுத்தா. "ஊர் முசுட்டைக் கீரை போல கிடக்கு, கொஞ்சம் திமிர் கூட" என்று சொல்லிச் சட்டியை வழித்தா.

இனி என் கேள்வி. பழக் கதையில் கேட்ட கேள்வியை நீங்கள் யாருக்காகக் கேட்டீர்கள்? அக்கா, நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்? எந்தப் பதில் வந்தாலும் நான் உங்கள் பக்கம்.

மலர்


பிரைசன் சிற்றி
22 ஏப்ரல் 2007

என் அன்பு மலர்,

ஓம். ஒக்டோபரிலிருந்து தனியாக இருக்கிறேன்.

நான் சுகமாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியது பொய்யில்லை. அதனால்தான் மற்றதை எழுதுவது கடினமாக இருந்தது. கவலையாக இருந்திருந்தால் உடனே எழுதியிருப்பேன். தனியாகிச் சந்தோசமாக இருக்கிறேன் என்று வீட்டுக்கு எப்படி எழுதுவது?

யூட் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஹூஸ்டனில் வேலைக்குச் சம்மதித்து, வீடும் பார்த்து, சாமான் ஏற்றும் வாகனத்துக்கும் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னார். "என்னை ஒரு சொல் கேக்கேல்லையே" என்றேன். "கேட்டால் வேறை என்ன சொல்லப்போறாய்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வியந்தார். அந்த வியப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. "நான் வரேல்லை" என்றேன். வாகனம் வந்து அவருடைய சாமான்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு தடவை தொலைபேசி எடுத்துக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் வரமாட்டேன் என்றேன். மூன்றாவது அழைப்பு வரவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சிறு வீடு எடுத்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்கச் சோச்சான். நேற்று டெல்மாவும் நானும் பறித்தோம். இலையைக் கேட்கும் சொல்லை இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. மெல்லப் பதமாகச் சொல்கிறேன் என்று மாற்றாதே. எழுதியபடி வாசி. அவ கத்தினால் கத்தட்டும். பிறகு எனக்கு எழுது.

உன் பிளோறன்ஸ் அக்கா


நொய்கெல்ன், பேர்லின்
13 மே 2007

என் அன்புள்ள அக்கா,

நான் சுகம். அம்மாவின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

எழுதியபடி வாசித்தேன். அம்மா கத்தவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனா. ஐந்தாறு நாள் என்னோடும் பேச்சு இல்லை. "மருமகனைப் பற்றிப் பூசையிலை எத்தனை பேருக்குப் புளுகினனான்" என்று ஒரு தடவை மட்டும் அடுப்பைப் பார்த்துச் சொன்னா.

இதற்கிடையில் திறப்பு நடந்தது. நல்ல வெயில், நல்ல கூட்டம். பலகையின் அந்தக் கடைசி வரிக்கு முன்னால்தான் எல்லோரும் நின்றார்கள். இதோடு வரும் படங்கள் டெல்மா அக்காவுக்கு.

சென்ற ஞாயிறு தமிழ்ப் பூசை. முடிந்ததும் மண்டபத்தில் தேநீர், ரோல்ஸ். றீற்றா அன்ரி வழக்கம் போல, "மூத்தவளும் மருமோனும் எப்பிடி?" என்று கேட்டா. நான் வாயைத் திறக்குமுன் அம்மா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தா. அந்த முழங்காலோடு. மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னா:

"என்ட மூத்தவள் இப்ப தனிய இருக்கிறாள். அவளாத்தான் முடிவெடுத்தவள். நல்லா இருக்கிறாள். ஆருக்காவது ஏதும் கதைக்கவேணும் எண்டால், அங்காலை இங்காலை கதைக்காமல் என்னட்டை வாங்கோ."

ஒருவரும் வரவில்லை. றீற்றா அன்ரி மட்டும் எழுந்து ஒரு ரோல்ஸை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தா. "இருந்து சாப்பிடுங்கோ அக்கா" என்றா. அம்மா இருந்து சாப்பிட்டா. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி அம்மா கேட்டா. அதை அப்படியே எழுதுகிறேன், பதில் எழுதுங்கள்:

"ஆத்தங்கரையிலை வீடு எண்டு எழுதியிருக்கிறாள். அங்கை வெள்ளம் வருமோ எண்டு கேள்."

அன்புடன்
மலர்